“ஆமா!” சொன்னா ஸ்பானிஷ் வருமா? பாபநாசம் மலைக்கதையும் ஒரு வகுப்பறை உத்தியும்

‘பாபநாசம்’ படம் பார்த்திருப்பீங்க. 2015-ல் வந்தது. போலீஸ் என்னவெல்லாம் கேட்கும் என்று யோசித்து, அந்தக் கேள்விகளை சுயம்புலிங்கம் தன் வீட்டிலேயே மனைவியிடமும் மகள்களிடமும் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பழக்குவார். எங்கே போனீங்க? யாரோட போனீங்க? எப்போ திரும்பி வந்தீங்க? கேள்வி முன்னபின்ன மாறும், கதை மாறாது. தாளில் எழுதி மனப்பாடம் செய்த பதில் இல்லை அது. கேட்டுக் கேட்டுப் படிந்த பதில்.

கொலையை மறைத்த விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழக்கிய முறையை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் பல ஸ்பானிஷ் ஆசிரியர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு சின்னக் கதை. அதே கதையைப் பற்றி இருபது, முப்பது கேள்விகள். கடைசியில் மாணவர் தானே எழுந்து அந்தக் கதையைச் சொல்வார், அப்புறம் எழுதுவார்.

இது உங்களுக்கு ஏன் தேவை? ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. சுமார் 50 கோடிப் பேரின் தாய்மொழி. மெக்சிகோ கிளையன்ட், ஸ்பெயினில் மேற்படிப்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக நம் ஊர் இளைஞர்கள் இதைத் தொடங்குகிறார்கள். மொபைல் ஆப்பில் பச்சை ஆந்தையைச் சமாதானப்படுத்த நூறு நாள் விடாமல் தட்டியவர்கள்கூட, எதிரில் ஒரு ஆள் வந்து பேசினால் ‘ஓலா’வோடு நின்றுவிடுகிறார்கள். வாராந்திர வகுப்பில் சேர்ந்தவர்களோ வினைச்சொல் அட்டவணை வந்த மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தும் இன்டர்வியூவில் நாலு வாக்கியம் கோர்க்க முடியாமல் உட்கார்ந்திருந்த அதே கதைதான், மொழி மட்டும் வேற.

அட்டவணைக்குப் பதிலாகக் கதை

1960-களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒன்றைக் கவனித்தார். குழந்தை பேசுவதற்கு வெகு முன்பே சொல்வதைக் கேட்டு உடம்பால் பதில் சொல்கிறது. “வா” என்றால் வருகிறது, “எடு” என்றால் எடுக்கிறது. அதனால் வகுப்பிலும் எழு, நட, கதவைத் திற என்று ஆணைகளைப் புது மொழியில் சொல்லி, மாணவரைச் செய்ய வைத்தார். நன்றாகத்தான் போனது. ஆனால் எத்தனை நாளைக்குத்தான் கதவைத் திறந்து மூடுவது?

கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளேன் ரே இந்த இடத்தில் முட்டி நின்றார். 1980-களின் கடைசியில் அவர் ஆணைகளுக்குப் பதிலாகக் கதைகளைக் கொண்டுவந்தார். அதுதான் இன்று டி.பி.ஆர்.எஸ். என்று அழைக்கப்படும் முறை; வாசிப்பும் கதைசொல்லலும் வழியாக மொழித்திறன் வளர்ப்பது என்று பொருள். ‘புரிகிற மாதிரி கேட்கவும் படிக்கவும் கிடைத்தால் மொழி தானாக உள்ளே இறங்கும்’ என்ற மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷனின் கருத்துதான் இதற்கு அடித்தளம்.

வேலை செய்யும் விதம் எளிது. ஆசிரியர் பலகையில் மூன்றே மூன்று தொடர்களை எழுதுவார். பக்கத்திலேயே தாய்மொழியில் பொருள் எழுதுவார். ஊகிக்கச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை. அடுத்து அந்த மூன்று தொடரை வைத்து ஒரு கதையை “சொல்வதில்லை”, கேட்கிறார். யார் அவன்? எங்கே போனான்? கடைக்கா, காட்டுக்கா? மாணவர்கள் சொல்லும் பதிலை வைத்தே கதை நகரும். நாயகனுக்குப் பெயர் வைப்பது மாணவர். அவன் எதற்கு அழுகிறான் என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். ஒருவர் எழுந்து நடிக்கலாம். கடைசியில் அதே சொற்களில் எழுதிய ஒரு பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள்.

இந்த முறையின் உயிர் கேள்வி கேட்கும் ஒழுங்கில்தான் இருக்கிறது. ஒரே வாக்கியம். முதலில் ஆமா, இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி. அப்புறம் இதுவா அதுவா. அப்புறம் யார், எங்கே, ஏன். சலிப்புத் தட்டும்போது ஒரு புது விவரம். மாணவருக்குக் கதையில் என்ன நடக்கும் என்பதில் கவனம் இருக்கும். காதில் விழுவதோ அதே வினைச்சொல், இருபதாவது தடவை.

இதைக் கேட்டதும் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வரணும்.

வில்லடிக்கிறவர் இதைத்தானே செய்கிறார்?

கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். வில்லுக்கு முன்னால் இருக்கும் புலவர் ஒரு வரி சொல்வார். குடம், உடுக்கை, தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் “ஆமா” என்பார்கள். சில சமயம் வரியின் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்வார்கள். சில சமயம் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி, “அப்படியா? அப்புறம் என்ன செஞ்சாரு?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி புலவருக்காக அல்ல. பின்வரிசையில் கண்ணயர்ந்து போன பாட்டிக்காக, அப்போதுதான் வந்து உட்கார்ந்த பையனுக்காக. கதை ஒருமுறை நடக்கும், ஆனால் மூன்றுமுறை காதில் விழும்.

திருநெல்வேலி மண்ணில் பிறந்து, இந்தக் கலையை சென்னை மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவர் நிகழ்ச்சிகளின் பதிவுகளை இணையத்தில் தேடிக் கேளுங்கள். பின்பாட்டின் “ஆமா”வை மட்டும் எண்ணிக்கொண்டு கேட்டால் நான் சொல்வது பிடிபடும்.

சரி, இந்த ஊர் கதை ஒன்றையே ஸ்பானிஷ் வகுப்பில் போட்டுப் பார்ப்போமா?

பாபநாசத்திலிருந்து மலை ஏறினால் காரையாறு. அங்கே சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும் இடம். அங்கேதான் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. வேண்டுதலாக அவருக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துவார்கள். அந்தப் பட்டவராயன்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன். மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளைப் பார்த்து மனம் கொடுக்கிறான். அவர்கள் செருப்புத் தைக்கும் குடும்பம். “பூணூலையும் குடுமியையும் எடுத்துப்போடு, எங்க தொழிலைக் கத்துக்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்” என்கிறார் பெண்களின் அப்பா வாலப்பகடை. முத்துப்பட்டன் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். சகோதரிகள் அவன் சிதையில் இறங்குகிறார்கள்.

இதன் முதல் பாதி ஸ்பானிஷில், தமிழ் எழுத்தில். (உச்சரிப்பு ஏறக்குறையத்தான்.)

ஆய் உன் ஓம்ப்ரே. ஒரு ஆள் இருக்கிறான்.
சே யாமா முத்துப்பட்டன். அவன் பெயர் முத்துப்பட்டன்.
முத்துப்பட்டன் வா ஆ லா மொந்தாஞா. அவன் மலைக்குப் போகிறான்.
முத்துப்பட்டன் கியேரே காசார்சே கோன் தோஸ் எர்மானாஸ். இரண்டு சகோதரிகளைக் கல்யாணம் செய்ய விரும்புகிறான்.
எல் பாத்ரே தீசே கே நோ. அப்பா முடியாது என்கிறார்.
எல் பாத்ரே ஆசே சப்பாத்தோஸ். அப்பா செருப்புத் தைக்கிறார்.
முத்துப்பட்டன் ஆசே சப்பாத்தோஸ். முத்துப்பட்டன் செருப்புத் தைக்கிறான்.
எல் பாத்ரே தீசே கே சீ. அப்பா சரி என்கிறார்.

எட்டு வாக்கியம். நாயகன் பெயரை விட்டுவிட்டால் 22 சொற்கள். ஒரு காதல், ஒரு தடை, ஒரு நிபந்தனை, ஒரு சம்மதம் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. இப்போது கேள்விகள். “முத்துப்பட்டன் கியேரே காசார்சே?” சீ! “எல் பாத்ரே கியேரே காசார்சே?” நோ! (வகுப்பு சிரிக்கும். சிரித்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம், தனியாகத் தேர்வு வைக்க வேண்டாம்.) “கியேன் தீசே கே நோ?” யார் முடியாது என்கிறார்? எல் பாத்ரே. ‘சீ’ வரும் இடமெல்லாம் நம்ம “ஆமா”தான்.

மலைக்குப் போகும் வரியில் இருக்கும் ‘வா’வைக் கவனித்தீர்களா? எழுத்தில் அப்படி, உச்சரிப்பு ‘பா’வை ஒட்டி வரும். அதற்கு அர்த்தம் ‘போகிறான்’. நமக்கு நேரெதிர். அதனாலேயே மறக்காது.

மலை என்பதற்கான ‘மொந்தாஞா’வில் வருவது நம்முடைய ‘ஞ’. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் நாக்கைச் சுழற்றிக் கஷ்டப்படும் இடத்தில் நாம் சும்மா கடந்து போகலாம். இன்னொன்றும் நமக்கு லாபம்: “வந்தேன்” என்றால் போதும், “நான்” சொல்லத் தேவையில்லை அல்லவா? ஸ்பானிஷிலும் அப்படித்தான்; வினையின் வாலே ஆளைச் சொல்லிவிடும். ‘எனக்கு டீ பிடிக்கும்’ என்பதை ஸ்பானிஷில் ‘மே குஸ்தா எல் தே’ என்பார்கள். ‘எனக்கு’ என்றே தொடங்கும். ‘நான் டீயை விரும்புகிறேன்’ என்று சுற்றிவளைக்காது. ஆனால் நம்மூர் வகுப்புகளில் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகவே நடத்துவதால், இந்த லாபமெல்லாம் கையை விட்டுப் போகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

சப்பாத்து எங்கிருந்து வந்தது?

அந்தக் கதையில் இரண்டு சொற்கள் ஏற்கெனவே நம் வீட்டில் இருப்பவை. ‘பாத்ரே’ நமக்குப் பாதிரி. ‘சப்பாத்தோஸ்’, இலங்கைத் தமிழர் இன்றும் காலணிக்குச் சொல்லும் சப்பாத்து. மேசை, அலமாரி இரண்டும் ஸ்பானிஷ்காரருக்கும் உடனே புரியும். இவை நேராக ஸ்பெயினிலிருந்து வரவில்லை, அதன் தங்கை மொழியான போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவை. வந்த வாசல்களில் ஒன்று, பாபநாசத்தில் மலை இறங்கும் இதே தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் கரை.

அந்தக் கரையில் 16-ஆம் நூற்றாண்டில் நடந்ததும் மொழிப் பாடம்தான், திசை மட்டும் தலைகீழ். இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார்ராவில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. ஆட்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அப்படியே மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொன்னார். அவருக்குப் பின் வந்த போர்ச்சுக்கீசியரான அண்டிரிக் அடிகளார் வேற வழியில் போனார். வினைச்சொற்களை வகைபிரித்து, தமிழுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் ஒரு இலக்கணமே எழுதினார், பேசவும் செய்தார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய மொழிபெயர்ப்பு.

மூன்றாவது ஆள்தான் நமக்கு முக்கியம். இத்தாலியிலிருந்து வந்து, கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியிலும் பணி செய்த வீரமாமுனிவர். அகராதி எழுதியவர், இலக்கணம் எழுதியவர், ‘தேம்பாவணி’ எழுதியவர். அப்பேர்ப்பட்டவர், தமிழ் கற்கும் வெளிநாட்டவருக்காக உட்கார்ந்து எழுதியது என்ன தெரியுமா? ‘பரமார்த்த குருவின் கதை’. ஒரு அசட்டுக் குரு, ஐந்து அசட்டுச் சீடர்கள். ஆற்றைக் கடந்ததும் தலையை எண்ணுகிறார்கள்; எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான்; ஒரு ஆள் குறைகிறது; மறுபடி எண்ணுகிறார்கள். படிக்கிறவன் சிரித்து முடிப்பதற்குள் ஒன்று, இரண்டு, மூன்று தமிழில் மனதில் நின்றுவிடும். 1822-ல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் வெளியிட்டார். சின்ன வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் சொல், சிரிப்பு, பக்கத்திலேயே பொருள். பிளேன் ரே பிறப்பதற்கு இருநூறு ஆண்டு முன்பே அந்த ஃபார்முலா இங்கே இருந்திருக்கிறது.

தமிழ் இலக்கணத்தின் முதல் ஆசான் என்று சொல்லப்படும் அகத்தியர் இருந்ததாக நம்பப்படும் பொதிகை மலையும் இதே பாபநாசத்துக்கு மேலேதான். இலக்கணமா, கதையா என்ற சண்டையை ஒரே ஆற்றின் கரையில் வைத்துப் பேசலாம்.

எழுதச் சொல்வது எப்போது, எப்படி?

“உன் வார இறுதியைப் பற்றிப் பத்து வரி எழுது.” மொழி வகுப்புகளில் இதைவிடச் செத்த பயிற்சி கிடையாது. எழுதுகிறவருக்கும் ஆர்வமில்லை, திருத்துகிறவருக்கும் தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை. கதை வகுப்பில் எழுத்து கடைசியில்தான் வரும், காது நிறைந்த பிறகு. அதுவும் தெரிந்த கதையையே எழுதுவது. என்ன எழுதுவது என்ற திண்டாட்டம் இல்லாததால் எப்படி எழுதுவது என்பதில் முழு மூளையும் இறங்கும்.

முதல் கட்டம், பலகையில் சேர்ந்து எழுதுவது. மாணவர்கள் வாயால் சொல்ல, ஆசிரியர் சரியான வடிவில் எழுதிக்கொண்டே போவார். ‘தவறு’ என்று சொல்லாமலே திருத்தம் நடந்துவிடும். இரண்டாவது, ஆறு கட்டம் போட்டுக் கதையைப் படமாக வரைந்து, பக்கத்து ஆளிடம் மாற்றிக்கொள்வது. அவர் படத்துக்கு நீங்கள் வரி எழுத வேண்டும். அவர் வரைந்த மாடு நாய் மாதிரி இருந்தால் கதையே மாறிப்போகும், அதுதான் சுவாரசியம். பெரியவர்கள் இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள், ஒதுக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் பலன் தருவது என்று நான் நினைப்பது நேரம் வைத்து எழுதும் பயிற்சி. ஐந்து நிமிடம், பழகிய பின் பத்து. அகராதி கூடாது, கூகுள் கூடாது, அழிப்பான் கூடாது. தெரியாத சொல் வந்தால் தெரிந்ததை வைத்துச் சுற்றிப் போ. நேரம் முடிந்ததும் சொற்களை எண்ணி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறி. ஆசிரியர் சிவப்பு மை எடுப்பதில்லை. புரிகிறதா என்று மட்டும் படிப்பார். முதல் வாரம் 12 சொல் எழுதியவர் பிற்பாடு 50-ஐத் தாண்டும்போது, அந்தக் கடைசிப் பக்கம் ஆப் கொடுக்கும் எந்தப் பதக்கத்தையும்விடப் பெரிசாகத் தெரியும்.

வகுப்பு இல்லை, வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் மூச்சு விட முடிகிறது என்றால்? நாலு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு போதும். தினம் ஒருவர் ஒரு வாக்கியம் எழுதி, அதையே குரல் பதிவாகவும் போட வேண்டும். முந்தைய நாள் வாக்கியத்தில் இருந்த ஒரு சொல் கட்டாயம் திரும்ப வர வேண்டும். வாரக் கடைசியில் ஏழு வாக்கியத்தையும் ஒருவர் சேர்த்து வாசிக்க, மற்றவர்கள் அதற்குள் ஒரு பொய்யை நுழைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

எல்லாருக்கும் சரிப்பட்டு வருமா?

வராது. இந்த முறை பற்றி நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சின்ன அளவில், அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தவை. முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. சொற்கள் மனதில் நிற்பதும், பயம் போவதும், வகுப்பை விட்டு ஓடாமல் இருப்பதும் பலரும் ஒப்புக்கொள்ளும் பலன்கள். இலக்கணத் துல்லியம் இதனால் மட்டும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஸ்பெயின் அரசின் செர்வான்டெஸ் நிறுவனம் நடத்தும் ‘டெலே’ சான்றிதழ்த் தேர்வுக்குப் போகிறவர் அந்த அட்டவணைகளை ஒருநாள் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். என்ன வித்தியாசம் என்றால், ‘கியேரே’யை நூறு தடவை கதையில் கேட்டவருக்கு அந்த அட்டவணை தெரிந்த முகங்களின் குரூப் போட்டோ மாதிரி இருக்கும்.

ஆசிரியருக்கு இது பெரிய உழைப்பு. மணிக்கணக்கில் வில்லடிக்கிற மாதிரி. மாணவர் சொல்லும் கோணங்கித்தனமான பதிலைப் பிடித்து, தெரிந்த 22 சொல்லுக்குள்ளேயே கதையைத் திருப்ப வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் யாருக்குப் புரிந்தது, யார் சும்மா ‘சீ’ போடுகிறார் என்று பார்ப்பது இன்னும் சிரமம். ஆனாலும் நம் அரசுப் பள்ளிகளுக்கு இந்தத் திசை புதிதல்ல. 2023-ல் தொடங்கிய ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது. தமிழ் வாசிப்புக்குச் செய்ததை இங்கிலீஷுக்கும் செய்தால், விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளை பத்து வருஷம் கழித்து இன்டர்வியூவில் வாயடைத்து உட்கார வேண்டியிருக்காது.

அப்பாவிடம் கேட்டாச்சு, அவங்ககிட்ட கேட்டீங்களா?

கதை வகுப்பில் கடைசியாகச் செய்யும் எழுத்துப் பயிற்சி, ஆளை மாற்றி எழுதுவது. அதே கதை, வேறொருவர் வாயால். பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் வினைச்சொல் அத்தனையும் மாறும்.

முத்துப்பட்டன் கதையை ஏற்கெனவே பலர் மாற்றியிருக்கிறார்கள். பின்னாளில் வந்த சில வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு துண்டைச் செருகினார்கள். சாதி மீறிய கல்யாணத்தை மீறாததாக ஆக்கும் வேலை அது. நா. வானமாமலை போன்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக் காட்டினார்கள்.

நம்முடைய எட்டு வாக்கியத்தை மறுபடி பாருங்கள். அவன் விரும்புகிறான், அப்பா முடியாது என்கிறார், அப்பா சரி என்கிறார். சகோதரிகள் ஒரு வாக்கியத்தில்கூட வாய் திறக்கவில்லை. வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கவனித்துக் கேட்கத்தான் போகிறார். அப்போது ஆசிரியர் பலகையில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதும். ‘கியேரே’, அவன் விரும்புகிறான். ‘கியேரென்’, அவர்கள் விரும்புகிறார்கள். கே கியேரென் லாஸ் எர்மானாஸ்? அந்தச் சகோதரிகளுக்கு என்ன வேணும்?

பத்து நிமிடம். அகராதி கிடையாது. ‘கெரேமோஸ்’, ‘நாங்கள் விரும்புகிறோம்’ என்று தொடங்கி எழுதுங்கள்.